ஊர் வளர்த்த வில்லன்

'மின்னல் முரளி' படத்தின் எதிர்நாயகன் ஷிபு, டீக்கடையில் வேலை செய்து பிழைப்பவன். உலகை ஆளும் ஆசை அவனுக்கு இல்லை. ரகசிய ஆய்வுக்கூடமோ அடியாள் படையோ இல்லை. பாசில் ஜோசப் இயக்கி 2021 டிசம்பர் 24 அன்று நெட்ஃபிளிக்சில் வெளியான இந்த மலையாளப் படம், அதிநாயகக் கதைகளின் வழக்கமான வில்லனை ஒதுக்கிவிட்டு, குறுக்கன்மூலை என்ற மலையோரச் சிற்றூரின் கடைசிப் பெஞ்சில் இருந்து ஒருவனை எழுப்பி நிறுத்துகிறது. அருண் அனிருத்தனும் ஜஸ்டின் மாத்யூவும் எழுதிய திரைக்கதை, ஒரே இரவில், ஒரே வகை மின்னலால், ஊரின் தையற்காரன் ஜெய்சனுக்கும் ஷிபுவுக்கும் ஒரே சக்தியைக் கொடுக்கிறது.

படத்தின் அடித்தளமே இந்தச் சமன்பாடுதான். சக்தி கிடைத்ததும் ஜெய்சன் செய்யும் முதல் காரியங்களில் பெரிய அறம் ஒன்றும் இல்லை. சொந்தக் கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறான், போலீசிடம் வம்பு வளர்க்கிறான், அமெரிக்கா போகும் கனவிலேயே இருக்கிறான். ஆனால் அவனைச் சுற்றி வளர்ப்புத் தந்தை உண்டு, அக்காள் மகன் உண்டு, தப்புச் செய்தால் அதட்டவும் நல்லது செய்தால் கைதட்டவும் ஆள் உண்டு. ஷிபுவுக்கு அப்படி ஒருவரும் இல்லை. மனநலம் குன்றியவள் என்று ஊர் ஒதுக்கிய தாயின் மகன் அவன். அந்த முத்திரை மகன் மேலும் விழுந்தது. டோவினோ தாமஸின் நாயகன் பார்ப்பவரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கும்போதே, குரு சோமசுந்தரத்தின் ஷிபு சத்தமில்லாமல் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதற்கு இந்த வேறுபாடே காரணம்.

அவன் குற்றங்கள் படிப்படியாக வருகின்றன. பள்ளி நாளில் இருந்து மனத்தில் சுமந்த உஷா, பல ஆண்டுகளுக்குப் பின் நோயுற்ற மகளோடு ஊர் திரும்புகிறாள். சிகிச்சைக்குப் பணம் வேண்டும்; ஷிபு வங்கியைக் கொள்ளையடிக்கிறான். கொள்ளையை மறைக்கக் கொலை. கடைசியில் உஷா அவனை ஏற்றுக்கொள்ளும் நேரத்தில், அவன்தான் குற்றவாளி என்று தெரிந்த ஊரார் திரண்டு தீ வைக்கிறார்கள், உஷா இறந்துபோகிறாள். ஷிபு முழு வில்லனாவது அதற்குப் பிறகுதான். ஊரையே எரிக்கக் கிளம்பும்போது, தீயை முதலில் கையில் எடுத்தவன் அவனல்ல என்பது பார்வையாளருக்கு நினைவிருக்கும்.

வில்லனுக்கு முன்கதை சொல்வது அதிநாயகப் படங்களுக்குப் புதிதல்ல. 2000இல் வந்த 'எக்ஸ்-மென்' தன் எதிர்நாயகன் மேக்னெட்டோவை நாஜி வதைமுகாமின் வாசலில் நிற்கும் சிறுவனாகத்தான் அறிமுகம் செய்தது. தமிழில் ஷங்கரின் '2.0' (2018), பறவை ஆய்வாளர் பட்சிராஜனுக்கு நியாயமான வழக்கு ஒன்றைக் கொடுத்தது. ஆனால் அந்த வழக்கு நீண்ட ஒரே பின்னோட்டத்தில் சொல்லி முடிக்கப்படுகிறது. அது முடிந்ததும் அவர் திரும்பவும் கணினி வரைகலைப் பறவையாகிவிடுகிறார். ஷிபுவின் துயரம் அப்படித் தனிப் பொட்டலமாக வருவதில்லை. அது டீக்கடையில் அவனிடம் பிறர் பேசும் தொனியிலும், அவன் தலையைக் குனிந்துகொள்ளும் விதத்திலும் படம் முழுக்கக் கசிகிறது. உஷாவிடம் அவன் மனம் திறக்கும் காட்சியில் அழுகையும் சிரிப்பும் ஒரே முகத்தில் மாறி மாறி வருகின்றன. மதுரைக்காரரான சோமசுந்தரம் கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பயின்றவர். 'ஆரண்ய காண்டம்' (2011), 'ஜோக்கர்' (2016) படங்களில் தமிழ்ப் பார்வையாளர் பார்த்த அதே உடல்மொழிக் கட்டுப்பாடு இங்கும் வேலை செய்கிறது.

படம் தடுமாறும் இடங்களும் உண்டு. ஷிபுவின் பல்லாண்டுக் காத்திருப்பைக் காவியக் காதலாக இசையும் ஒளியும் சேர்ந்து உயர்த்துகின்றன. அந்தக் காத்திருப்பை உஷா எப்படிப் பார்த்தாள் என்பதற்கு ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. மனநோய் முத்திரையைக் கண்டிக்கும் அதே படம், முத்திரை குத்தப்பட்டவனையே கொலைகாரனாக்கி, ஊரின் பயம் சரிதான் என்று எண்ணவும் இடம் விடுகிறது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் முடிவில் இருக்கிறது. தீ வைத்த கும்பலை நாயகன் காப்பாற்றுகிறான். கும்பல் அவனைக் கொண்டாடுகிறது. உஷாவின் சாவுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. வில்லன் எப்படி உருவானான் என்று இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படம், உருவாக்கியவர்களிடம் கணக்குக் கேட்காமல் விட்டுவிடுகிறது.

கேரள-தமிழக எல்லையில் உள்ள மறையூர், காந்தளூர் பக்கத்துத் தமிழருக்கு ஷிபுவின் பேச்சில் இன்னொன்றும் கேட்கும். தமிழ்ச் சாயல் படிந்த அந்த மலையாளம், திரையில் அவனை வெளியூரானாக்கும் அடையாளங்களில் ஒன்று. இவ்வூர்கள் அடங்கிய அஞ்சுநாட்டில் நிலைமை வேறு. 1956 நவம்பர் 1 அன்று தேவிகுளம் வட்டம் கேரளத்தோடு சேர்வதற்கு நெடுங்காலம் முன்பே தமிழ் இங்கே குடியிருந்த மொழி. சின்னாறு வழியே உடுமலைக்குப் போய்வருவது இங்கே அன்றாடம். டீக்கடைப் பேச்சு பாதி வழியில் மொழி மாறினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் மலையாள வணிகப் படங்களில் தமிழர் நெடுநாளாகப் 'பாண்டி' என்ற கேலிக்குரியவராகவோ, ரவுடியாகவோ, கூலியாளாகவோ வந்துபோனார்கள். ஷிபு அந்த வரிசையில் இருந்து வந்தவன்தான், ஆனாலும் கேலிப்பொருளாக நடத்தப்படாதவன். சிரிப்புக்கு வைத்திருந்த இடத்தில் ஒரு மனிதனை உட்கார வைத்தது இப்படத்தின் உண்மையான முன்னேற்றம்.

நான்கு ஆண்டுக்குள் மலையாளம் அடுத்த பெரிய அதிநாயகக் கதையை எடுத்தபோது, அதிலும் வில்லனாகத் தமிழ்க் கலைஞர் ஒருவரே வந்தார். 2025 ஆகஸ்ட் 28 அன்று வெளியான டொமினிக் அருணின் 'லோகா: அத்தியாயம் 1 சந்திரா'வில் நடன இயக்குநர் சாண்டி, பெங்களூருக் காவல் ஆய்வாளர் நாச்சியப்ப கௌடாவாக நடித்தார். பாத்திரம் தமிழன் அல்ல, நாயகன் இடத்தில் இருப்பவரோ பெண். நாச்சியப்பாவின் வன்மம் பெண்வெறுப்பு. சீருடையும் அதிகாரமும் அதற்குப் போதுமான பாதுகாப்பைத் தந்துவிடுவதால், அவனுக்கு அனுதாபம் தேடித்தரும் முயற்சியில் படம் இறங்கவில்லை. ஊர் ஒதுக்கிவைத்தவன் அல்ல அவன். பதவியும் மரியாதையும் ஏற்கெனவே கையில் உள்ளவன்.