ஆரணிப் பட்டும் தொண்ணூறு நாள் கடனும்

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் அது கல்லாவை நிரப்பாது. பட்டு நூலுக்கும் ஜரிகைக்கும் கூலிக்கும் பணத்தை முதலில் எடுத்து வைப்பவர் தறி உரிமையாளர். பெரிய கடையோ சேலையை வாங்கிவிட்டு, ‘பண்டிகை போகட்டும், பார்க்கலாம்’ என்கிறது.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அடக்கம் 10,000 ரூபாய், விற்றது 11,000. பணம் வர மூன்று மாதம். அடக்கத்துக்கு ரெண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் வட்டியே 600. கையில் நிற்பது 400. சேலை ஓரத்தில் கறை, கடைக்காரர் தள்ளுபடி கேட்டார் என்றால் அதுவும் போச்சு.

இந்தக் கணக்கைச் சொல்லித்தராத நிர்வாகப் பயிற்சி எதற்கு? சிறுதொழில் பயிற்சி என்றாலே திட்ட அறிக்கை, தலைமைப் பண்பு, கடைசியில் ஒரு சான்றிதழ். அதைவிட 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தை ஒரு மதியம் உட்கார்ந்து படிக்கலாம். குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும்; இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023 நிதிச் சட்டம் இன்னொரு பிடியையும் போட்டது: கெடு தாண்டிய பாக்கியை, கொடுத்து முடிக்கும்வரை, வாங்கியவர் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது.

வழக்கு போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் நியாயமானது. அதனால்தான் பயிற்சி தறிக்காரரோடு நிற்கக் கூடாது. குறு, சிறு தொழில் என்பதற்கான உத்யம் பதிவு, தேதி போட்ட பில், கடைக்கு ஏற்ற கடன் வரம்பு ஆகியவற்றைக் கூட்டாகப் பேசி முடிவுசெய்ய தறி உரிமையாளர் சங்கங்களையும் அதே வகுப்பில் உட்காரவைக்க வேண்டும்.