ஹெட்ஸ்டாக்கில் இருக்கும் பெயரா, கையில் இருக்கும் கிட்டாரா? எதற்குக் காசு கொடுக்கலாம்?

கல்லூரி கல்ச்சுரல்ஸ் மேடையாக இருக்கட்டும், சர்ச் குவாயராக இருக்கட்டும். புது கிட்டாரோடு ஒருவர் உள்ளே வந்தால், மற்றவர்களின் கண் முதலில் போவது ஹெட்ஸ்டாக் பக்கம்தான். 'ஃபெண்டர்' என்று எழுதியிருந்தால் தனி மரியாதை. அதே வடிவம், அதே மூன்று பிக்கப், ஆனால் 'ஸ்குவயர்' என்று எழுதியிருந்தால், "ஓ... ஸ்குவயரா?" என்று ஓர் இழுவை. வந்தவர் இன்னும் ஒரு கார்டுகூடப் பிடித்திருக்க மாட்டார். அதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

இந்த இழுவை வெறும் கேலியோடு முடிவதில்லை. அதற்குப் பயந்து, சேர்த்துவைத்த பணம் போதாமல் இ.எம்.ஐ.யும் போட்டுப் பெரிய பெயரை வாங்குகிறார் ஒருவர். 'நல்ல பிராண்டு வாங்கக் காசு வரட்டும்' என்று கற்றுக்கொள்வதையே தள்ளிப்போடுகிறார் இன்னொருவர். பெயருக்கும் தரத்துக்கும் உள்ள உறவு அவ்வளவு கெட்டியானதா? இல்லை என்பதற்கு கிட்டாரின் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது.

ஒரே பெயர், வேறு வேறு கிட்டார்

ஃபெண்டர் நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் 1954-ல் அவர் நிறுவனம் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர், இன்றுவரை உலகில் அதிகம் காப்பியடிக்கப்படும் கிட்டார்களில் ஒன்று.

1965-ல் இந்த நிறுவனத்தை சி.பி.எஸ். என்ற பெரிய ஒளிபரப்பு நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. பெயர் அப்படியே இருந்தது. ஆனால் தரம் இறங்கிவிட்டது என்ற புகார் போகப் போக அதிகமானது. 1971-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் நெக்கை உடலோடு பிணைக்கும் ஸ்க்ரூ நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தது. "நெக் ஆடுது" என்று வாசிப்பவர்கள் புலம்பினார்கள். சி.பி.எஸ்.ஸுக்கு முந்தைய ஃபெண்டர்களுக்கு இன்றும் பழைய கிட்டார் சந்தையில் எகிறும் விலை, அந்தப் புலம்பலின் மிச்சம்தான்.

1982-ல் ஃபெண்டர் ஜப்பானில் கால் வைத்தது. மாட்சுமோட்டோ நகரில் உள்ள ஃபுஜிஜென் தொழிற்சாலையில் ஸ்குவயர் கிட்டார்கள் தயாராகின. 'ஜே.வி.' என்று தொடங்கும் சீரியல் எண் கொண்ட அந்த ஸ்குவயர்களை இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். அதாவது, இன்று இழுவையோடு சொல்லப்படும் அதே பெயர், ஒரு காலத்தில் அமெரிக்க ஒரிஜினலோடு தைரியமாக ஒப்பிடப்பட்ட பெயர். ஃபெண்டர் மீண்டும் நிமிர்ந்தது, 1985-ல் அதன் ஊழியர்களும் முதலீட்டாளர்களும் சேர்ந்து நிறுவனத்தை சி.பி.எஸ்.ஸிடமிருந்து வாங்கிய பிறகுதான்.

வழக்கு எதைப் பற்றி?

1977-ல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின் மீது வழக்கு போட்டது. எங்கள் கிட்டாரின் ஒலியைத் திருடிவிட்டார்கள் என்பது புகார் அல்ல. ஹெட்ஸ்டாக்கின் வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் புகார். அடுத்த வருடமே நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. அந்தக் கால ஜப்பான் காப்பிகள் பலவும் 'லாசூட் கிட்டார்' என்ற பெயரிலேயே இப்போது மதிப்போடு கைமாறுகின்றன. சந்தையில் விலை உள்ள பொருள் எது என்பது கிப்சனுக்கே தெரிந்திருந்தது: அந்தத் தலைப்பகுதி.

இன்றைய நிலை இன்னும் சுவாரஸ்யம். 'கோர்ட்' என்ற சொந்த பிராண்டு வைத்திருக்கும் தென்கொரிய நிறுவனமான கோர்டெக், இந்தோனேசியாவில் உள்ள ஆலையில் பிற பிராண்டுகளுக்கும் கிட்டார் செய்து தருகிறது. பி.ஆர்.எஸ். நிறுவனத்தின் எஸ்.இ. வரிசையில் பல மாடல்கள் அங்கிருந்துதான் வருகின்றன. டிசைனும் பாகங்களும் தரச் சோதனையும் பிராண்டுக்குப் பிராண்டு மாறும், உண்மைதான். ஆனால் "கோர்ட்டெல்லாம் ஒரு கிட்டாரா?" என்று கேட்பவர், தன் கையில் இருப்பது எங்கே செய்யப்பட்டது என்று ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்வது நல்லது.

நம்ம ஊர் மரமும் ஒரு சோதனையும்

பெயர் மோகத்துக்கு ஒரு தம்பி உண்டு: மர மோகம். அகூஸ்டிக் கிட்டார் உலகில் பிரேசில் ரோஸ்வுட் என்றால் சாமி மாதிரி. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-ல் அதிலிருந்து இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியபோது, தரம் போச்சு என்று வருந்தியவர்கள் உண்டு. அந்த இந்திய ரோஸ்வுட் வேறு எதுவும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம்ம ஈட்டி மரம்தான். அதைப் பாதுகாக்க தமிழ்நாடு 1994-ல் தனிச் சட்டமே போட்டது.

இந்த மோகத்தை இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பின்பக்கமும் பக்கவாட்டும் மட்டும் ஆறு வெவ்வேறு மரங்களில். மற்றபடி ஒரே மாதிரியான ஆறு கிட்டார்கள். வாசித்தவர்கள் 52 பேர். எது எந்த மரம் என்று பார்க்க முடியாதபடி செய்து மதிப்பெண் கேட்டார்கள். 2018-ல் வெளியான முடிவு: பிரேசில் ரோஸ்வுட், ஈட்டி, விலை குறைந்த சப்பேலி என எல்லாவற்றுக்கும் ஒலித் தரத்தில் ஏறக்குறைய ஒரே மதிப்பெண். கண்ணை மறைத்ததும் சாமி இறங்கிவிட்டது.

அப்படின்னா பிராண்டே வேண்டாமா?

அப்படிச் சொல்வதும் தப்பு. நல்ல பிராண்டுக்குக் கொடுக்கும் காசில் மூன்று விஷயம் கிடைக்கிறது. ஒன்று, கடையில் உள்ள பத்து கிட்டாரில் எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லாத சீரான தரம். இரண்டு, வாரண்டி. மூன்று, நாளைக்கு விற்றால் கிடைக்கும் மறுவிலை. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத எதையாவது எடுத்து, கம்பி விரலை அறுக்க, ஒரே மாதத்தில் பரணில் ஏற்றியவர்களும் இருக்கிறார்கள். மலிவு மோகமும் மோகம்தான்.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். "என்ன பிராண்டு?" என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு:

• 12-வது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு? அகூஸ்டிக்கில் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை சரி. 4-ஐத் தாண்டினால் புதிதாகக் கற்பவரின் விரல் அழும்.

• 12-வது ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும், அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒத்துப்போகிறதா? போனில் உள்ள ட்யூனர் ஆப்பே சொல்லிவிடும்.

• நெக் ஓரமாக விரலை ஓட்டினால் ஃப்ரெட் முனை குத்துகிறதா? ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் வாசிக்கும்போது எங்காவது 'கர்ர்' என்று உரசுகிறதா?

• அகூஸ்டிக் என்றால் மேல்பலகை முழு மரமா, பிளைவுட்டா? ஒலியில் நிஜமாகவே வித்தியாசம் காட்டுவது இந்த இடம்.

• ட்யூன் செய்து பத்து நிமிடம் வாசித்த பிறகும் சுருதி நிற்கிறதா?

கையில் 20,000 ரூபாய் இருந்தால் முழுவதையும் கிட்டாரிலேயே போட்டுவிடாமல், ஒரு பகுதியை நல்ல கம்பிக்கும் தெரிந்த டெக்னீஷியனிடம் செய்யும் செட்டப்புக்கும் ஒதுக்கலாம். சரியாக செட்டப் செய்த ஸ்குவயர், பெட்டியிலிருந்து எடுத்தபடியே கிடக்கும் ஃபெண்டரைவிட வாசிக்கச் சுகமாக இருக்கும்.

குயீன் இசைக்குழுவின் பிரையன் மே, 1963-ல் தன் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார். நெக்குக்குப் பயன்பட்டது பழைய கணப்படுப்பின் மரம். விப்ரேட்டோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். காசு இல்லாத வீட்டில், கவனத்துக்குக் குறை வைக்காமல் செய்த கிட்டார் அது. உலகின் பெரிய மேடைகளில் எல்லாம் அவர் வாசித்தது அதைத்தான். "என்ன பிராண்டு?" என்று யாராவது கேட்டிருந்தால், அவரிடம் சொல்வதற்கு ஒரு பெயர்கூட இருந்திருக்காது.