ஆணி புடுங்கினா மட்டும் போதுமா?

ஆணி ஜாஸ்தி, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. இப்ப அப்ரைசல் சீசன் வேற. கேன்டீன்ல டீ குடிக்கிற அத்தனை மூஞ்சியும் பரீட்சை ரிசல்ட்டுக்கு முந்தின நாள் மாதிரி இருக்கு. சீக்கிரம் வா, லேட்டா போ, டேமேஜர் ஜோக்குக்கு சிரி என்று பிரமோஷன் டிப்ஸ் வாட்ஸப்பில் சுத்திட்டு இருக்கு. என் கட்சி வேற.

முதல்ல ஒரு உண்மையை ஒத்துக்கறேன். போன வருஷம் எனக்கு பிரமோஷன் வந்தது. நியாயமா அது பக்கத்து சீட் அக்காவுக்கு வந்திருக்கணும். (டீம்ல எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். இவங்க எங்க ஊர்ப் பக்கம், அதனால எனக்கு மட்டும் அக்கா.)

எங்க ப்ராஜெக்ட்ல ராத்திரி ஓடுற பேட்ச் ஜாப் ஒண்ணு இருக்கு. மாசத்துக்கு எட்டு, பத்து தடவை புட்டுக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு யாருக்காவது போன் வரும். அக்கா ரெண்டு வாரம் உட்கார்ந்து, தப்பான ஃபைல் உள்ள வரும்போதே தடுத்து நிறுத்துற மாதிரி ஒரு செக் எழுதினாங்க. அதுக்கப்புறம் நாலு மாசம் ஒரு போன் கூட வரல. எல்லாரும் நிம்மதியா தூங்கினோம். ஏன் தூங்கறோம்னு ஒருத்தனும் யோசிக்கல.

நான் என்ன பண்ணேன்? கலர் கலரா கிராஃப் போட்டு ஒரு டாஷ்போர்டு. க்ளையன்ட்டுக்கு டெமோ குடுத்தேன், பாராட்டி மெயில் வந்தது, அதை பத்திரமா எடுத்து வச்சேன். அப்ரைசல் ஃபார்ம்ல ரெண்டு பக்கம் எழுதினேன். அக்கா எழுதினது ஒரே வரி: "பேட்ச் ஜாப் சப்போர்ட் பார்த்தேன்".

அப்புறம் ஒரு நாள் டீ குடிக்கும்போது டேமேஜர் சொன்னார். "அவங்களுக்காக பேசணும்னுதான் போனேன்பா. கைல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

விஷயம் அங்கதான் இருக்கு. பிரமோஷன் முடிவாகிற ரூம்ல நாம இருக்கறதில்ல. நாலஞ்சு மேனேஜர், ஒரு எக்செல் ஷீட், ஒரு பேருக்கு சில நிமிஷம். மத்த மேனேஜருக்கு நம்ம மூஞ்சியே தெரியாது. நம்ம வேலை ஒரு வாக்கியமா நம்மாளு வாய்ல இருந்தாத்தான் உண்டு. டீம்ல நடக்கறதை கவனிச்சு வைக்கிறது மேனேஜர் வேலைதானே என்று கேட்டால், ஆமாம், அவர் வேலைதான். அவர் செய்யல. அதுக்காக நாம ஒரு வருஷத்தை விட முடியுமா?

அதனால நான் பார்த்து உருப்படியான பழக்கம் ஒண்ணே ஒண்ணு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்து நிமிஷம் ஒதுக்கி என்ன செஞ்சேன், அதனால என்ன மாறுச்சு என்று ரெண்டு மூணு வரி. ரெண்டாவதுதான் முக்கியம். "செக் எழுதினேன்" என்பது ஆணி. "மாசம் பத்து போன் வந்தது, இப்ப பூஜ்யம்" என்பது பிரமோஷன். ஜூலியா எவன்ஸ் என்ற ப்ரோக்ராமர் 2019-ல் இதைப் பத்தி விரிவா எழுதியிருக்காங்க, தேடிப் படிங்க. மார்ச்ல உட்கார்ந்து போன ஜூன்ல என்ன பண்ணோம்னு யோசிச்சா சத்தியமா ஞாபகம் வராது.

இது ஜால்ரா இல்லையான்னு கேப்பீங்க. வள்ளுவர் அடக்கத்துக்கு ஒரு அதிகாரமே குடுத்திருக்கார், நம்ம வீட்லயும் அப்படித்தான் வளர்த்தாங்க. ஆனா நடந்ததை நடந்தபடி எழுதறது தற்பெருமை ஆகாது. இல்லாததை எழுதினாத்தான் தப்பு.

இன்னொண்ணு. மீட்டிங் மினிட்ஸ், பர்த்டே கேக், பொங்கலுக்கு கோலம் எல்லாம் யார் தலைல? அக்கா தலைலதான். லிண்டா பேப்காக்கும் கூட மூணு பேரும் 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பலன் தராத இந்த மாதிரி வேலைக்கு பெண்கள்தான் அதிகமா கை தூக்கறாங்க, கேக்கறவங்களும் பெண்கள்கிட்டதான் அதிகமா கேக்கறாங்க என்று வந்தது. இதுக்கு டிப்ஸ் எல்லாம் வேண்டாம். முறை வச்சு செய்யணும், அவ்வளவுதான். இப்ப எங்க டீம்ல கேக் வாங்கப் போறது நான்.

எழுதி வச்சா கட்டாயம் கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். பதினோரு பேருக்கு ரெண்டு சீட்டுன்னா ஒன்பது பேருக்கு அல்வாதான். ஆளுங்களை வரிசைல நிறுத்தி மார்க் போடற முறையை மைக்ரோசாஃப்ட் 2013-லயே தூக்கிடுச்சு. எங்க ஆபீஸ்ல பெல் கர்வ் இன்னும் சௌக்கியமா இருக்கு.

அக்காவுக்கு ஒரு எக்செல் ஷீட் போட்டு அனுப்பினேன். "என் வேலையை நானே பெருமை பேசணுமாப்பா?" என்று சிரிச்சாங்க. மூணு வாரம் காலியாவே கிடந்தது. பேட்ச் ஜாப் கதையை நானே அக்கா பேர் போட்டு டேமேஜருக்கு மெயில் தட்டினேன். போன வெள்ளிக்கிழமை ஷீட்டைத் திறந்து பார்த்தா முதல் வரி இருந்தது, அதுவும் தேதியோட: "டாஷ்போர்டில் தம்பி விட்ட மூணு பக் சரி செய்தேன்."