கல்விச் சபையில் அமரத்தக்கார் யாவர்?

ஒரு மாகாணத்தின் பொதுப் பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கும் கல்விச் சபையில் யாவர் அமர்தல் வேண்டும் என்னும் வினா, முதற்பார்வைக்கு மிக எளியதாகவே தோன்றும். கற்றோர் அமர்தல் வேண்டும் என்று சொல்லி அப்பாற் செல்வோர் பலர். ஆயின், கற்றோர் எனப்படுவோர் யாவர், அவரைத் தெரிந்தெடுப்போர் யாவர், சபையில் அமர்ந்தபின் அவர் எதனைச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்று உசாவப் புகுந்தால் அவ்வெளிமை மறைந்துபோம். இதனை ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாடு மிகத் தக்கதோர் இடம். அங்கே பள்ளிகளை ஆளும் பொறுப்பு ஐம்பது மாகாணங்களுக்கும் தனித்தனியே உரியது. கான்ஸாஸிலும் டெக்ஸாஸிலும் ஜனங்கள் வோட்டளித்துச் சபையாரைத் தெரிந்தெடுக்கின்றனர். கலிபோர்னியாவிலும் பிளாரிடாவிலும் கவர்னர் நியமிக்கின்றார். நியூயார்க்கில் சட்டசபையார் கூடித் தெரிந்தெடுக்கின்றனர். விஸ்கான்ஸினிலோ அத்தகைய சபையே இல்லை. ஒரே காரியத்தை இத்தனை விதமாகச் செய்துபார்த்தவர் அனுபவம் ஆராயத்தக்கதே.

இச்சபைகளுள் பெரிதும் பெயர்பெற்றது, மஸாசூஸெட்ஸ் மாகாணத்தில் 1837-ஆம் ஆண்டில் ஏற்பட்ட சபை. (மதுரையில் 1834-இல் மிஷன் தொடங்கிய அமெரிக்கச் சங்கத்தின் தலைமை நிலையமும் அம்மாகாணத்துப் பாஸ்டன் நகரிலேயே இருந்தது என்பதை நம் வாசகர் சிலர் அறிவர்.) அச்சபையின் முதற் காரியதரிசியாகிய ஹொரேஸ் மான் உபாத்தியாயரல்லர், வக்கீல், மாகாணச் செனட் சபைக்குத் தலைவராய் வீற்றிருந்தவர். அப்பதவியைத் துறந்து இவ்வேலையை ஏற்று, 1848 வரையில் ஊர் ஊராய்ச் சென்று பள்ளிகளைக் கண்டு, பன்னிரண்டு ஆண்டறிக்கைகள் எழுதினார். ஆகவே, பள்ளியில் பாடஞ் சொல்லாதவர் கல்விக்கு ஊழியஞ் செய்ய இயலாரென்று நாம் கூறத் துணியோம். எனினும் ஒன்று கருதத்தக்கது. அக்காலத்தில் அச்சபைக்கு எப்பள்ளிக்கும் கட்டளையிடும் அதிகாரம் இருந்ததில்லை. செய்தி திரட்டலாம், அறிக்கை வெளியிடலாம், ஜனங்களின் மனத்தைத் திருப்பலாம், அவ்வளவே. அத்தகைய சபையில் யார் அமர்ந்தாலும் பெருந்தீங்கு விளைதற்கில்லை. இக்காலத்துச் சபைகளோ, எவ்வகுப்பில் எதனைப் பயிற்றுவது, எதனைப் பரீட்சிப்பது என்பவற்றைத் தாமே விதிக்கின்றன. அதிகாரம் பெருகியது, அமர்வோரைப் பற்றிய விதிகளோ பல இடங்களில் அதற்கேற்பத் திருந்தவில்லை.

இதன் விளைவைக் கான்ஸாஸில் காணலாம். அங்கே கல்விச் சபையார் பதின்மர். நான்காண்டுக் காலத்துக்குத் தெரிந்தெடுக்கப்படுவோர். இரண்டாண்டுக்கொருமுறை பாதி இடங்களுக்குத் தேர்தல் நடைபெறும். 1999-ஆம் ஆண்டில் விஞ்ஞானப் பாடத்திட்டத்தை வகுக்கும்பொருட்டு விஞ்ஞானிகளும் உபாத்தியாயர்களும் அடங்கிய இருபத்தெழுவர் குழுவொன்று உழைத்து ஒரு வரைவு தந்தது. ஆகஸ்டு மாதத்தில் சபையார் அதனை ஒதுக்கி, உயிரினங்களின் பரிணாமத்தைப் பற்றிய பகுதியிற் பெரும்பாலும் நீங்கிய வேறொரு வரைவை 6-க்கு 4 என்னும் வோட்டால் ஏற்றனர். 2000-ஆம் ஆண்டில் கட்சிகள் தத்தம் வேட்பாளரைத் தெரியும் முன்தேர்தலிலேயே அப்பெரும்பான்மையாருட் சிலர் தோற்றனர். 2001 பெப்ருவரியில் பரிணாமம் மீண்டு வந்தது. 2005 நவம்பரில் வேறொரு பெரும்பான்மை, மறுபடியும் 6-க்கு 4 ஆக, இயற்கைக் காரணங்களைத் தேடுதலே விஞ்ஞானம் என்னும் வரையறையையே மாற்றிற்று. 2007 பெப்ருவரியில் அதுவும் 6-க்கு 4 என்னும் அதே கணக்கில் தள்ளுண்டது. இடையில் கைமாறியவை இரண்டே இடங்கள்.

1996-இல் முதல் வகுப்பிற் சேர்ந்து 2008-இல் பள்ளியை முடித்த ஒரு கான்ஸாஸ் பிள்ளையை எண்ணிப்பார்ப்போம். விஞ்ஞானம் இன்னதென்பது அப்பிள்ளையின் பள்ளிக்காலத்துக்குள் நான்குமுறை மாறியிருக்கின்றது. அக்காலத்தில் மாறியது சபையார் இருக்கைகளேயன்றி விஞ்ஞானமன்று. 1999-ஆம் ஆண்டுத் தீர்மானம் பரிணாமத்தைக் கற்பிக்கலாகாதென்று விலக்கவில்லை என்பது மெய். மாகாணப் பரீட்சைக்குரிய பாடங்களினின்று நீக்கியதோடு நின்றது. ஆயின் பரீட்சையில் வாராத பாடம் வகுப்பில் என்ன கதியடையும் என்பதை எந்த உபாத்தியாயரிடமும் கேட்டறியலாம். இதனை விசுவாசிகளுக்கும் அவிசுவாசிகளுக்கும் நிகழ்ந்த வழக்காகக் கொள்வாரும் உளர், அது பொருந்தாது. ஆழ்ந்த தேவபக்தியுடைய விஞ்ஞானிகளும் அத்தீர்மானங்களை எதிர்த்து நின்றனர்.

டெக்ஸாஸில் சபையார் பதினைவர். 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஒவ்வொருவரும் ஏறக்குறைய இருபது இலட்சம் ஜனங்களுக்குப் பிரதிநிதி. இத்தனை பெரிய தொகுதியில் வேட்பாளரை நேரில் அறிந்து வோட்டளிப்பவர் எத்துணையர் ஆவர்? கட்சியின் பெயரைக் கண்டு வோட்டளிப்போரே மிகுவர். 2007 முதல் 2009 வரையில் அங்கே தலைமை வகித்த டான் மெக்லராய் என்பவர் பல் வைத்தியர். நிபுணர்களை எதிர்த்து நிற்க எவரேனும் வேண்டுமன்றோ என்று 2009-இல் சபையிலேயே கூறியவர். அக்கூற்றைச் சிலர் நகைத்தனர், நாம் நகையோம். நிபுணரும் பிழை செய்வர்; தம் துறையே உலகமென்று மயங்குவர்; பத்து வயதுப் பிள்ளையால் சுமக்கவொண்ணாத பாரத்தைப் பாடமென்று சுமத்துவர். அவரை எதிர்க்க ஒருவர் வேண்டியதுதான். ஆயின் எதனைக் கொண்டு எதிர்ப்பது? இப்பாடம் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை என்று நாடோறும் கண்டவர் எதிர்த்தால் அதற்குப் பொருளுண்டு. தேர்தலில் வென்றமையொன்றே கருவியாக எதிர்த்தால் பொருளில்லை. 2010-ஆம் ஆண்டில் அச்சபை, ஆசிரியர் குழுக்கள் வகுத்த சரித்திரப் பாடத்திட்ட வரைவில் நூற்றுக்கு மேற்பட்ட திருத்தங்களைப் புகுத்தி, மே மாதத்தில் 9-க்கு 5 ஆக நிறைவேற்றியது. ஒரு தேசத்தின் சரித்திரம் வோட்டெண்ணிக்கையால் வரி வரியாக எழுதப்படுதல் விந்தையன்றோ!

அங்ஙனமாயின் தேர்தலையே ஒழித்துக் கவர்னரிடம் விட்டுவிடலாமே என்பர் சிலர். பிளாரிடாவில் சபையார் எழுவரையும் கவர்னரே நியமிக்கின்றார். இம்முறையில் கூச்சல் குறையும், அமைதி நிலவும். அவ்வமைதி பெரும்பாலும் ஒரே குரல் ஒலிப்பதனாலுண்டாவது. நியமித்தவர் முகத்தை நோக்கி வோட்டளிக்கும் சபையைவிடத் தம்முள் பூசலிடும் சபையே மேலென்பது நம் அபிப்பிராயம். கான்ஸாஸின் பிழையை கான்ஸாஸ் ஜனங்களே இருமுறையும் திருத்தினார்கள் என்பதை மறத்தலாகாது.

ஆதலின் ஜனங்கள் தெரிந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்கட்டும். அவர் விவசாயியாயினும் வியாபாரியாயினும் பல் வைத்தியராயினும் நமக்கு ஆட்சேபமில்லை. பொதுப் பணத்தால் நடப்பதைப் பொதுமக்கள் மேற்பார்த்தலே முறை. ஆயின் சபையில் மூன்றிலொரு பங்கேனும் இன்று பள்ளியில் பாடஞ் சொல்லிக்கொண்டிருக்கும் உபாத்தியாயருக்குச் சட்டத்தாலேயே ஒதுக்கப்படல் வேண்டும். அவர்களைப் பொதுப் பள்ளி உபாத்தியாயரே தெரிந்தெடுத்தல் வேண்டும். அவருள் ஒருவர் சிறு வகுப்பினராகவும், ஒருவர் நாட்டுப்புறத்தினராகவும் இருத்தல் நலம். கான்ஸாஸிலும் டெக்ஸாஸிலும் உபாத்தியாயர் சிற்சிலர் தேர்தலில் வென்று வருவதுண்டு. அது தற்செயலேயன்றி ஏற்பாடன்று. இவர்களோடு, தம் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்கே அனுப்பும் பெற்றோர் இருவர் வேண்டும். அதிகாரத்தைப் பற்றியும் ஒரு வரம்பு தேவை: துறையறிந்தோர் வகுத்த பாடத்தைச் சபையார் காரணம் எழுதித் திருப்பியனுப்பலாம், ஒருமுறையன்று, பலமுறையும் அனுப்பலாம், தாமே பேனாவை எடுத்துத் திருத்தலாகாது. இவ்வொரு விதி இருந்திருந்தால் மேற்கூறியவற்றிற் பெரும்பாலானவை நிகழ்ந்திரா.

சம்பளம் வாங்குவோர் சம்பளம் தருவோரின் ஆசனத்தில் அமர்தல் தகுமோ என்னும் ஆட்சேபம் எப்பொழுதும் எழும். அமெரிக்காவில் உபாத்தியாயரை நியமித்துச் சம்பளம் பேசுவன பெரும்பாலும் அவ்வவ்வூர்ப் பள்ளிச் சபைகளே. மாகாணச் சபையின் முதன்மையான வேலை பாடமும் பரீட்சையும். அன்றியும், வைத்தியருக்கு உரிமைச்சீட்டளிக்கும் மாகாணச் சபைகளில் வைத்தியரே பெரும்பான்மையாய் அமர்தலை அந்நாட்டார் குற்றமென்று கருதுவதில்லை. உபாத்தியாயர்மேல் மட்டும் இவ்வையம் எழுவானேன்? அத்தொழிலுக்கு உலகம் அளிக்கும் மதிப்பின் குறைவே இதற்குக் காரணமென்று நாம் எண்ணுகின்றோம்.

மாணவரைப் பற்றியும் ஒரு சொல். கலிபோர்னியாச் சபையின் பதினொருவருள் ஒருவர் உயர்நிலைப் பள்ளி மாணவர். ஓராண்டு அமர்ந்து மற்றையோரைப் போலவே வோட்டளிக்கின்றார். மஸாசூஸெட்ஸிலும் இவ்வழக்கமுண்டு. பதினேழு வயதினர்க்கு இத்துணைப் பெரிய காரியமா என்று முதியோர் வியக்கக்கூடும். சபை விதிக்கும் பரீட்சையை உட்கார்ந்து எழுதுகின்றவர் அச்சபையிலும் அமர்ந்திருத்தல் நமக்கு மிகவும் பிடித்திருக்கின்றது. அவருக்கு அளிக்கும் காலத்தை இரண்டாண்டாக நீட்டலாம் என்பதே நாம் சொல்லும் குறை.