விபத்து நடந்த நாட்டின் கெடு

2018 மார்ச் 30ஆம் திகதி பங்களாதேஷின் சிட்டகாங் கரையில், உடைப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட 'எக்தா' என்ற எண்ணெய்க் கப்பலில் இருந்து ஒரு தொழிலாளி விழுந்து இறந்தார். அந்தக் கப்பலை உடைப்புக்கு விற்றதில் பங்கு உண்டு எனக் கூறி, லண்டன் கம்பனி ஒன்றின் மீது அவரது மனைவி இங்கிலாந்தில் வழக்குத் தொடர்ந்தார். வழக்குப் பதியப்பட்டது 2019 ஏப்ரலில். ஓராண்டு கடந்து சில நாட்கள்தான்.

இங்கிலாந்துச் சட்டத்தில் இதற்கு மூன்று ஆண்டுகள் உண்டு. ஆனால் 2021 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம், பாதிப்பு நிகழ்ந்த நாட்டின் சட்டமே பொருந்தும், காலக்கெடுவும் அந்த நாட்டினுடையதே என்றது. பங்களாதேஷில் அது ஓராண்டு. 1908இல் வெள்ளைக்காரன் எழுதிவைத்த சட்டம் இன்று லண்டன் கம்பனிக்கே கேடயமாகிறது! ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. வெளிநாட்டுக் கெடு அளவுக்கு மீறிய கஷ்டத்தைத் தந்தால் அதை ஒதுக்கிவைக்க 1984ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம் இடமளிக்கிறது. அதை முதலில் தனியாக விசாரிக்கும்படி நீதிமன்றம் கூறியது.

கெடு தவறுவது எங்களுக்குப் புதிதல்ல. இலங்கையில் நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு ஆண்டுகள்தான். யுத்தத்தால் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்கு 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் சலுகை தந்தது. அதுவும் காணி போன்ற அசையா ஆதனத்துக்கு மட்டும், அதுவும் 'பயங்கரவாதக் குழு'வின் செயற்பாட்டால் தடைப்பட்டவருக்கு மட்டும். கையும் காலும் அந்தக் கணக்கில் வரவில்லை.

இப்போது எங்கள் பிள்ளைகள் கட்டாரில் சாரத்தில் ஏறி நிற்கிறார்கள். அங்கே வேலைக்காய நட்டஈட்டு உரிமை, இறுதி மருத்துவ அறிக்கையின் திகதியில் இருந்தோ மரணத் திகதியில் இருந்தோ ஓராண்டில் முடிகிறது. "கம்பனி பார்த்துக்கொள்ளும்" என்று வீட்டார் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஓராண்டுதான் நினைவுக்கு வரும். ஊருக்கு வந்து ஆறட்டும், பிறகு பார்ப்போம் என்பதற்குள் பாதி போய்விடும்.

பாகிஸ்தானில் நடந்த வீதி விபத்து வழக்கொன்றில், 1990இல் இங்கிலாந்து நீதிமன்றம் அந்நாட்டு ஓராண்டுக் கெடுவை ஒதுக்கியது. காயப்பட்டவர் நீண்டகாலம் வைத்தியசாலையில் கிடந்தார்; நட்டஈடு வரும் என எதிர்த்தரப்பால் நம்பவைக்கப்பட்டிருந்தார். கட்டாரில் அந்தச் சலுகையை நம்பி இருக்க முடியாது. ஆனாலும் கம்பனி அனுப்பும் கடிதம், வட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். மருத்துவ அறிக்கையின் திகதியை இன்றே பாருங்கள்.