ஓரியின் மலை சொல்லும் பாடம்

கொல்லிமலை என்றதும் அருவியும் மூலிகையும் அறப்பளீசுவரர் கோயிலும் நினைவுக்கு வரும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறிய களைப்பும் கூடவே நினைவுக்கு வரும். ஆனால், இசை பயிலும் பிள்ளைகளுக்கு இந்த மலை ஒரு பெரிய பாடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. அதை எடுத்துப் படிப்பவர்தாம் குறைவு.

புறநானூற்றின் 152-ஆம் பாட்டு வன்பரணர் பாடியது. காட்டில் ஒரு வேட்டுவன் விட்ட அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. இவன் வெறும் வேட்டுவனல்லன், கொல்லி மலைக்கு உரிய ஓரியாக இருப்பானோ என்று புலவர் ஐயுறுகிறார். அவன்மீது ஒரு பாட்டுப் பாட எண்ணி, உடன் வந்த விறலியரைப் பார்த்து அவர் சொல்வதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

ஒருத்தி முழவுக்கு மண் பூசிப் பதப்படுத்த வேண்டும். ஒருத்தி யாழில் பண்ணை நிறுத்த வேண்டும். துதிக்கை போன்ற தூம்பை எடுக்க ஒருத்தி, எல்லரிக்கு ஒருத்தி, ஆகுளிக்கு ஒருத்தி. பதலையை மட்டும் மெல்லக் கொட்ட வேண்டுமாம். இப்படி எல்லாரும் ஆயத்தமான பிறகே பாட்டு தொடங்குகிறது.

கொட்டத் தெரியாதவள் என்பதனாலா 'மெல்ல' என்றார்? அல்ல. பாட்டுக்கு அவ்வளவே வேண்டும் என்பதனால். அந்த ஒரு சொல்லில்தான் கூட்டு இசையின் இரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தனிப் பயிற்சி போதுமா?

இன்று இசை கற்கும் மாணவன் எப்படிப் பயில்கிறான்? காலையில் எழுந்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசியில் சுருதியை வைத்துச் சாதகம் செய்கிறான். வாரம் ஒரு நாளோ இரு நாளோ ஆசிரியர் முன்னால் உட்காருகிறான். ஐந்தாறு ஆண்டு உழைத்தால் வருணமும் கீர்த்தனையும் கைக்கு வந்துவிடுகின்றன. தனிச் சாதகம் இல்லாமல் வித்தை இல்லை. இதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை.

ஆனால், அதே மாணவன் முதல் முறையாக மேடையில் ஒரு மிருதங்கக்காரர் பக்கத்தில் உட்காரும்போது என்ன நடக்கிறது? வீட்டில் சரியாக இருந்த தாளம் ஓடத் தொடங்குகிறது. பக்கத்தில் இருப்பவரின் வாசிப்பு காதில் விழவே இல்லை. விழுந்தாலும் அது இடையூறாகத் தோன்றுகிறது. மாணவனுக்குத் திறமை இல்லை என்று ஊர் சொல்லும். உண்மை அதுவன்று. கைக்குக் கிடைத்த பயிற்சி காதுக்குக் கிடைக்கவில்லை. யந்திரம் சுருதி கொடுக்கும், தாளமும் போடும். ஆனால், அது யாருக்காகவும் காத்து நிற்காது. தவறியவனைத் தாங்கிப் பிடிக்காது. அதெல்லாம் மனிதன் பக்கத்தில் மனிதன் உட்கார்ந்து கற்க வேண்டியவை.

ஒத்தும் தாளமும்

பழைய நாகசுரக் குழுக்களில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. கற்றுக்கொள்ள வந்த சிறுவன் கையில் முதலில் ஒத்தையோ தாளத்தையோ கொடுப்பார்கள். பெரியவர்கள் வாசிக்க, இரவு முழுவதும் சுவாமி புறப்பாட்டின் பின்னால் அவன் நடப்பான். நாகசுரம் எங்கே நீளும், தவில் எங்கே அடங்கும், ஒருவர் கண்ணைக் காட்டினால் மற்றவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்பதெல்லாம் கேட்காமலே அவனுக்குள் இறங்கிவிடும். பிற்பாடு அவன் சீவாளியை வாயில் வைக்கும்போது, கூட்டத்தில் தன் இடம் எது என்பதை அறிந்தே வைப்பான்.

இப்போது பெரும்பாலான இடங்களில் ஒத்தின் வேலையைச் சுருதிப் பெட்டி செய்கிறது. செலவு குறைந்தது, வசதிதான். ஆனால், அந்தப் பெட்டி வந்து உட்கார்ந்தது ஒரு மாணவன் உட்கார்ந்திருந்த இடம் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

உலகத்தின் மறுகோடியில் இதை வேறு விதமாக எண்ணிப் பார்த்தார்கள். வெனிசுவேலா நாட்டில் 1975-ஆம் ஆண்டு ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்பவர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இசைக் கல்வித் திட்டத்தைத் தொடங்கினார். தனியாகக் கற்றுத் தேறிய பிறகு குழுவில் சேர் என்று அங்கே சொல்வதில்லை. குழுவில் உட்கார்ந்தே கற்றுக்கொள் என்கிறார்கள். இலட்சக்கணக்கான பிள்ளைகள் அந்த வழியில் வந்திருக்கிறார்கள்.

யாழ் முரிந்த கதை

கொல்லி என்பது மலையின் பெயர் மட்டுமன்று. தேவாரப் பண் ஒன்றின் பெயரும் அதுவே. தேவாரத்தை நினைத்தால் திருநீலகண்ட யாழ்ப்பாணர் நினைவுக்கு வராமல் போகமாட்டார். சம்பந்தர் பாட, அவர் யாழில் இசைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றவர். யாழால்தான் பாட்டுக்குப் பெருமை என்று தருமபுரத்தில் உறவினர் சொன்னபோது அவர் மனம் பொறுக்கவில்லை. யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடும்படி சம்பந்தரை வேண்டினார். பாட்டு அடங்கவில்லை. யாழை உடைக்கவே போய்விட்டார். சம்பந்தர் அதைத் தடுத்து, கருவியில் வந்த அளவே வாசிக்கும்படி சொன்னார் என்கிறது பெரியபுராணம்.

பக்கவாத்தியம் வாசிப்பவருக்கு இருக்க வேண்டிய அடக்கம் இந்தக் கதையில் இருக்கிறது. பாடுகிறவருக்கு இருக்க வேண்டிய பெருந்தன்மையும் இருக்கிறது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் கச்சேரி போட்டியாகிவிடும்.

செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என்று தனித்தனி வகுப்புகள். ஒரே கூரையின் கீழ் இத்தனை பேர் இருப்பது பெரும் பேறு. வயலின் மாணவனும் மிருதங்க மாணவனும் ஆண்டு விழாவுக்கு முதல் வாரம்தான் முகம் பார்ப்பது என்றால் அந்தப் பேறு வீண். முதல் ஆண்டு முதலே வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது அவர்கள் சேர்ந்து உட்கார வேண்டும். சரளி வரிசையைச் சேர்ந்து வாசித்தாலும் போதும்.

கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடி 17, 18-ஆம் நாட்களில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. அரசு நடத்தும் விழா அது. அந்த மேடையில் ஒரு மணி நேரத்தை மாணவர் குழுக்களுக்கென்றே ஒதுக்கலாம். மலைப் பிள்ளைகளின் பறையும் கீழ்நாட்டுப் பிள்ளைகளின் வயலினும் ஒரே மேடையில் அமரட்டும். மலையில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குப் பரிசுக் கோப்பைகளுக்குப் பதில் ஒரு தொகுதி வாத்தியங்களை வழங்கட்டும். கோப்பை ஒருவன் வீட்டில் தூங்கும். வாத்தியம் இருபது பேரை எழுப்பும்.

பரிசு மட்டும் கலையை வாழ வைத்துவிடாது. அடுத்த பாட்டிலேயே வன்பரணர் அதை நகைச்சுவையோடு சொல்லிவிட்டார். ஓரி அள்ளிக் கொடுத்த யானைகளையும் அணிகலன்களையும் பெற்றுப் பசி தீர்ந்த கூத்தர், வாத்தியங்கள் முழங்கியும் ஆடவில்லை, பாடவும் மறந்துவிட்டார்களாம். கொடையின் பெருமைக்காகச் சொன்னது அது. ஆயினும் விழா நடத்துகிறவர்கள் அதை ஓர் எச்சரிக்கையாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை முதற்பரிசு வாங்கினானா என்று கேட்பதோடு, பக்கத்தில் வாசித்தவன் எப்படி வாசித்தான் என்றும் கேளுங்கள். அதற்கு அவன் பதில் சொன்னால், சங்கீதம் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று பொருள். ஓரியின் மலையில் அன்று பதலையை மெல்லக் கொட்டிய விறலியின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால், அவள் மெல்லக் கொட்டியதனால்தான் பாட்டு கேட்டது.