கர்ப்பிணிகள் மலைப்பாதை ஓட்டத்தில் கலந்துகொள்ளலாமா? கொட்டும் மழையில் என்ன ஆபத்து? போட்டி விதிகள் ஏன் மாறின?

2018-ல் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் உலகம் முழுக்க வைரலானது. இத்தாலியின் கூர்மயூர் நகரில், ஓட்டப்பந்தய வீரர்கள் இளைப்பாறும் இடத்தில், 3 மாதக் குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் பிரிட்டனைச் சேர்ந்த சோஃபி பவர். பக்கத்தில் இன்னொரு வீரர் களைத்துப்போய் படுத்திருக்கிறார்.

அவர் ஓடிக்கொண்டிருந்தது யுடிஎம்பி பந்தயம். பிரான்ஸின் ஷமோனியில் தொடங்கி, மான்ட் பிளாங்க் மலையைச் சுற்றி, 3 நாடுகள் வழியாகச் சுமார் 170 கி.மீ. ஓட வேண்டும். ஏற வேண்டிய உயரம் மட்டும் மொத்தம் சுமார் 10,000 மீட்டர்.

'சூப்பர் மாம்' என்று எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் அந்தப் பாராட்டில் ஒரு விஷயம் அமுங்கிப் போனது. சோஃபி பவருக்கு 2014-லேயே இந்தப் பந்தயத்தில் இடம் கிடைத்திருந்தது. அப்போது அவர் கர்ப்பமாக இருந்தார். காயம்பட்டவர் தன் இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்கலாம், கர்ப்பிணிக்கு அந்த வசதி கிடையாது என்பதுதான் அன்றைய விதி. இடம் போனது. மறுபடி கிடைக்க 4 வருடம் ஆனது. கிடைத்தபோது கையில் பச்சைக்குழந்தை. இதையும் விட்டால் அடுத்து எப்போதோ? ஓடினார்.

அப்போ கர்ப்பமா இருக்கும்போது ஓடவே கூடாதா?

அப்படி இல்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி நல்லது. ஏற்கெனவே தீவிரமாக ஓடிப் பழகியவர்கள், மருத்துவரின் கண்காணிப்பில் அதைத் தொடரலாம். "வயித்துல புள்ளையோட ஓடுறாளே" என்று பதறுவதற்கு மருத்துவத்தில் ஆதாரம் குறைவு.

ஆனால் அதே வழிகாட்டுதல், கீழே விழும் வாய்ப்பு அதிகமுள்ள விளையாட்டுகளைத் தவிர்க்கச் சொல்கிறது. 45 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பயிற்சி செய்தால் ரத்தச் சர்க்கரை இறங்கலாம் என்றும் எச்சரிக்கிறது. மலைப்பாதை ஓட்டத்தில் இந்த இரண்டும் உண்டு.

2012-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வும் கவனிக்கத்தக்கது. ஒலிம்பிக் தரத்திலான 6 கர்ப்பிணி வீராங்கனைகளை ஓட வைத்துப் பார்த்தார்கள். தாயின் இதயத்துடிப்பு அதன் உச்ச அளவில் 90 சதவீதத்தைத் தாண்டியபோது, கருவின் இதயத்துடிப்பு குறைந்தது. ஓட்டத்தை நிறுத்தியதும் சீக்கிரமே சரியானது. 6 பேரை வைத்து எல்லோருக்கும் விதி எழுத முடியாதுதான். ஆனாலும் 'நிறுத்தியதும் சரியானது' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழை வந்தால் என்ன மாறுகிறது?

நகர மராத்தானில் உடம்புக்கு முடியவில்லை என்றால் சாலையோரம் உட்காரலாம். ஆம்புலன்ஸ் வந்துவிடும். மலையில் நின்றாலும் பிரச்சினை தீராது. அடுத்த முகாமுக்கு இன்னும் பல கி.மீ. இருக்கலாம், வண்டி வர வழியே இல்லாமல் போகலாம். நனைந்த உடையில் காற்றும் அடித்தால், ஓடும்வரைதான் உடலில் சூடு இருக்கும். வேகம் குறைந்ததும் குளிர் பிடித்துக்கொள்ளும். நடுக்கம் மிச்சமிருக்கும் சர்க்கரையையும் தின்றுவிடும். உடல் வெப்பம் ரொம்ப இறங்கினால் யோசனையே குழம்பும். 'நான் நிறுத்தணுமா?' என்று முடிவெடுக்க வேண்டிய மூளைதான் முதலில் தடுமாறுகிறது.

2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கி.மீ. மலை ஓட்டத்தில் இதுதான் நடந்தது. ஆலங்கட்டி மழை, உறைய வைக்கும் குளிர், பலத்த காற்று. ஓடிய 172 பேரில் 21 பேர் இறந்தார்கள். சீனாவின் முன்னணி வீரர் லியாங் ஜிங்கும் அதில் ஒருவர். காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் கட்டாயமாக்கப்படவில்லை, பலர் டிரவுசர், டி-ஷர்ட்டில் இருந்தார்கள். ஆடு மேய்க்கும் ஒருவர் 6 பேரைக் குகையில் சேர்த்துக் காப்பாற்றினார். உடல்தகுதியின் உச்சத்தில் இருந்தவர்களுக்கே இந்த நிலை.

கர்ப்பிணிக்கு இதோடு வேறு சிலதும் சேரும். வயிறு பெரிதாகும்போது உடலின் சமநிலை மாறும். காலடியைப் பார்ப்பதே கஷ்டம், அதுவும் வழுக்கும் பாறையில். சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் முக்கியம்: பழைய மழை ஜாக்கெட்டின் ஜிப் வயிற்றுக்கு மேல் ஏறாது. கட்டாயப் பட்டியலில் இருக்கும் ஜாக்கெட் பையில் இருந்தும் பயன் இல்லை.

விதிக்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்?

பெரிய மலைப் பந்தயங்களில் இடம் கிடைப்பது குலுக்கல் மாதிரி. தகுதிப் பந்தயங்கள், பல வருடக் காத்திருப்பு, பணம் என்று எல்லாம் செலவழித்த பிறகு, 'இப்போ வராவிட்டால் இடம் போச்சு' என்றால் ஒரு கர்ப்பிணி என்ன செய்வார்? வானிலை அறிக்கை மோசமாக இருந்தாலும், 'போய்ப் பார்க்கலாம்' என்றுதான் தோன்றும். அதனால் இடத்தைத் தள்ளிவைக்கும் உரிமையைச் சலுகை என்று சொல்வது சரியில்லை. கட்டாய ஜாக்கெட் மாதிரி அதுவும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு.

சோஃபி பவர் 2022-ல் 'ஷீ ரேசஸ்' என்ற அமைப்பைத் தொடங்கி இதைத்தான் பந்தய நிர்வாகங்களிடம் கேட்டு வருகிறார். யுடிஎம்பி விதியை மாற்றிக்கொண்டது. அமெரிக்காவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் ஓட்டத்திலும், லண்டன், பாஸ்டன் மராத்தான்களிலும் கர்ப்பிணிகள் இடத்தைத் தள்ளிவைக்க வழி உண்டு. சிறிய பந்தயங்கள் பலவற்றில் 'எந்தக் காரணத்துக்கும் கட்டணம் திரும்பக் கிடைக்காது' என்ற ஒற்றை வரிதான் இருக்கும்.

பெயர் கொடுக்கும் முன் அந்த வரியைப் படிப்பது நல்லது. வழியில் எந்தெந்த இடத்துக்கு வண்டி வரும், மழை வந்தால் பாதையைக் குறைப்பார்களா என்றும் நிர்வாகத்திடம் கேட்கலாம். யுடிஎம்பியே 2010-ல் மழை, புயலால் பாதியில் நிறுத்தப்பட்டது. 2012-ல் சுமார் 100 கி.மீ. ஆகச் சுருக்கப்பட்டது. ரத்தக்கசிவு, நீர் கசிவு, வயிற்றில் விட்டுவிட்டு வரும் வலி, தலைசுற்றல், நெஞ்சு வலி, கெண்டைக்கால் வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்கிறது 2020 வழிகாட்டுதல்.